முட்டை எறிந்து பழகிய புரட்டாசி

நம் பள்ளி சாஃப்ட்பால் அணியில் இரண்டாம் பேஸில் நின்றவள் நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட வீடியோவை நானும் பார்த்தேன். பெங்களூரில் இருக்கும் அவள் பேத்தி கையில் பட்டை பட்டையாக என்னத்தையோ மாட்டிக்கொண்டு சாஃப்ட்பால் வீசிப் பழகுகிறாள். முழங்கை விறைக்காமல் இருக்க ஒரு பட்டையாம், மணிக்கட்டு மடங்க இன்னொரு பட்டையாம். ‘இதை மாட்டினா பிட்ச்சிங் நேராகுமா? நீதானே நம்ம பிட்ச்சர், சொல்லுடி’ என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

ஆகும். எனக்கு ஆனது. ஆனால் ஒன்பதாவது படிக்கும்போது என் கையில் மாட்டியது என்ன என்று உங்களில் ஒருத்திக்கும் தெரியாது. காலாண்டு லீவுக்கு முன்னால் கூரை ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தவள், லீவு முடிந்து வந்ததும் எப்படி நேராக வீசினாள் என்று பி.டி. டீச்சர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மானம் போயிருக்கும். இப்போது எனக்கும் முட்டி வலிக்கிறது, உங்களுக்கும் வலிக்கிறது. இனி என்ன மானம் வேண்டிக் கிடக்கிறது? சொல்லிவிடுகிறேன்.

இருவர் என்றால் நானும், நான் வீசுவதைப் பிடிக்கும் நம் கேட்ச்சரும். அவள் என் பெரியப்பா மகள். என்னைவிட நாலே மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்துக்காகப் பிறந்ததிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் நான் வீசிய அழகு உங்களுக்கு மறந்திருக்காது. பந்து எங்கே போகும் என்று எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. ஒருநாள் தலைமையாசிரியர் அறை ஓட்டின் மேல் விழுந்தது. ஒருநாள் சத்துணவுக் கூடத்துச் சாம்பார் அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கடைசியில் ராசிபுரத்திலிருந்து பழக்க ஆட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் தோளில் விழுந்தது. அவள் மட்டையைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாளே, அந்தச் சத்தம் எனக்கு ரொம்ப நாள் காதிலேயே இருந்தது.

அன்று சாயங்காலமே சேதி அப்பாவுக்குப் போய்விட்டது.

“பொம்பளப் புள்ளைக்குப் பந்து என்ன கேடு? நாளைக்கு அந்தப் புள்ளைக்குத் தோள்பட்டை எறங்கிப் போயிருந்தா ஆரு பதில் சொல்றது? இனிப் பந்துன்னு வாயெடுத்தீன்னா பள்ளிக்கொடத்தையே நிறுத்திப்போடுவேன், பாத்துக்க.”

அப்பா சொன்னால் செய்வார். பி.டி. டீச்சரோ வேறு பக்கம் நெருக்கினார். என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, “பந்தைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி நெரிக்கிற. அதான் விட வேண்டிய எடத்துல விட மாட்டேங்குது. முட்டையைப் புடிக்கிற மாதிரிப் புடி. லீவு முடிஞ்சு வாரப்ப பத்துக்கு ஏழு நேரா விழுகணும். இல்லீன்னா வேற ஆளு,” என்றார்.

டீச்சர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? எங்கள் இரண்டு வீட்டுக்கும் கோழிப் பண்ணை. பள்ளிக்கூடத்தில் இருந்ததே இரண்டு பந்து, அதுவும் பூட்டிய அலமாரியில். முட்டைக்கா எங்களிடம் பஞ்சம்?

பஞ்சம் வேறொன்றுக்கு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவில் நின்றது. யார் எத்தனை நேரம் மோட்டார் போடுவது என்பதில் ஒருநாள் வாய்த்தகராறு. அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பெரியம்மாதான் கோபத்தில், “நீங்க எப்படி நல்லா இருக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டார். அம்மா அந்த வாக்கியத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். நடுவில் கிளுவை வேலி. நானும் அக்காவும் பள்ளிக்கூடத்தில் மட்டும் பேசிக்கொள்வோம்.

எங்கள் பண்ணைக்குப் பின்னால், கோழி எரு குவித்திருக்கும் மூலையில், வேலியில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. எருவின் நெடிக்கு அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். கண்ணில் நீர் வரும், மூக்கு எரியும். மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணயரும் நேரத்தில் நாங்கள் அங்கே போனோம். தகரக் கூரை வெயிலில் படபடவென்று விரியும். உள்ளே ஆயிரம் கோழி ஒரே குரலில் முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் நாங்கள் என்ன பேசினாலும் வெளியே கேட்காது.

அக்கா பழைய வேட்டியைக் கிழித்துக் காலுறை மாதிரி நீளமாகச் சில பைகள் தைத்திருந்தாள். முட்டை உடைந்தால் கவிச்சி அடிக்குமே, அதற்காகத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்திருந்தாள். பைக்குள் ஒரு முட்டை. பையின் வாயை என் மணிக்கட்டில் கட்ட, சங்ககிரி ரோட்டுப் பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய லாரி டியூப் துண்டு. பிறகு பைக்கு மேலாகவே முட்டையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு கையைச் சுற்ற வேண்டும். முன்னால் தூக்கி, காதை உரசி, பின்னால் இறக்கி, தொடையைத் தொடும்போது விட வேண்டும். சரியாக விட்டால் முட்டை பையின் கடைசிவரை ஓடி, மெல்ல ஊசலாடித் திரும்பி வரும். இறுக்கிப் பிடித்தால் கையிலேயே உடையும். முந்தி விட்டாலும் பிந்தி விட்டாலும் தொடையில் அடித்து உடையும்.

அக்கா சுண்ணாம்புத் தூளால் தரையில் பிட்ச்சர் நிற்கும் வட்டம் போட்டாள். அந்தக் கோடியில், பந்து தாண்டிப் போக வேண்டிய ஹோம் பிளேட்டை ஐந்து மூலையோடு வரைந்து, அதன் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். தொடைக்கு நடுவில் விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் நேராக, பயப்படாமல். இரண்டு விரல் என்றால் மெதுவாக, தாழ்வாக.

“ஒத்த வெரல்தான் காட்டறேன். ரெண்டாவது வெரலுக்கு நீ இன்னும் வல்ல,” என்பாள் கிண்டலாக.

முதல் நாள் ஏழு முட்டை போயிற்று. பாவாடையெல்லாம் மஞ்சள் கரு. நான் அழுதேன், அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் நானும் சிரித்தேன். ஆறாம் நாள் ஒரு முட்டை மதியம் முழுக்க உடையாமல் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் விடவேண்டியதே இல்லை. கை தொடையை உரசினால் விரல் தானாகவே திறந்துகொள்கிறது. இத்தனை நாள் நான்தான் நடுவில் புகுந்து கெடுத்துக்கொண்டிருந்தேன். முட்டை உடைந்த பைகளை டியூப் கட்டோடு ஹோம் பிளேட்டுக்கு அடியிலேயே குழி தோண்டிப் புதைத்தோம். அங்கேதான் மண் இளக்கமாக இருந்தது.

இப்போது நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் துணி. கறுப்புப் பட்டை. உள்ளே முட்டை. மேலே வெள்ளைக் கோட்டில் ஐந்து மூலை வைத்த ஒரு கட்டம். ஐயோ, அந்தப் பதினான்கு வயது மூளைக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று!

அதே வாரம் எங்கள் பண்ணையில் கோழி சாக ஆரம்பித்தது. காலையில் போனால் கூண்டுக்கு நாலு, மறுநாள் பத்து. கழுத்து திருகி, இறக்கை தொங்கி, வெள்ளையாகக் கழிந்து விழுந்தன. பெரியப்பா பண்ணையில் ஒரு கோழிக்குக்கூடத் தலைவலி இல்லை. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அம்மா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருப்பார். “போன வாரந்தானே மருந்து போட்டோம், போன வாரந்தானே போட்டோம்,” என்று அப்பா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை நாய் அந்த மூலையைத் தோண்டிவிட்டது. எரு அள்ள வந்த அம்மாள் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். அப்பா கையில் குச்சியோடு நின்றார். குச்சி நுனியில் எங்கள் பை தொங்கியது.

“தொடாதீங்க சாமி! ஆரோ செஞ்சு வெச்சிருக்கறாங்க. கட்டத்தப் பாருங்க, அஞ்சு மூல!” என்றார் அந்த அம்மாள்.

அம்மா வேலிச் சந்தைப் பார்த்தார். சந்துக்கு அந்தப் பக்கம் பெரியம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா பத்திரமாக வைத்திருந்த வாக்கியம் வெளியே வந்தது. “எப்படி நல்லா இருக்கறீங்கன்னு பாக்கறேன்னா பாருங்க, அன்னைக்கே. பாத்துட்டா.”

அது புரட்டாசி. நம் பக்கம் கவிச்சியே சமைக்காத மாதம். சமையலறைக்குள் முட்டை வராது, பிள்ளைகள் முட்டையைத் தொட்டிருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு மட்டும் தெரியும். ‘நாந்தானுங்க’ என்று ஒரு வார்த்தை. அது தொண்டைவரை வந்தது. சொன்னால் பந்து போகும், பள்ளிக்கூடம் போகும், அப்பாவின் கையில் இருந்த குச்சி என் காலுக்கு வரும். நான் விழுங்கிவிட்டேன். நான் செய்ததிலேயே ரொம்பக் கேவலமான காரியம் அதுதான். இன்றைக்கும் சொல்லக் கூசுகிறது.

சாயங்காலமே அப்பா வேலிச் சந்தை முள் வைத்து அடைத்தார். லீவு என்பதால் பள்ளிக்கூடமும் இல்லை. அக்காவைப் பார்க்கவே முடியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து பேசினார்கள். முடிவானது இதுதான்: வெள்ளிக்கிழமை காலையில் பங்காளிகள் எல்லாரும் குலதெய்வக் கோயிலுக்கு வரவேண்டும். பெரியப்பா, தன் வீட்டில் யாரும் செய்யவில்லை என்று எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும்.

சத்தியம் பண்ணிவிட்டால் வழக்கு தீர்ந்துவிடுமே என்று நினைப்பீர்கள். தீராது. நம் ஊரில் அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அண்ணனைச் சத்தியம் வரைக்கும் இழுத்துவிட்டால் அதற்கப்புறம் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கல்யாணம் காட்சிக்கு மட்டுமில்லை, எழவுக்குக்கூட வரமாட்டார்கள். அக்காவும் நானும் ஒரே மைதானத்தில் நின்றாலும் முகம் பார்க்கக் கூடாது. இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் வட்டத்தில் நான் நிற்கிறேன், பிளேட்டுக்குப் பின்னால் யாருமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. கோயிலில் ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப் பக்கம் அவர்கள். பெரியப்பா குளித்து ஈர வேட்டியோடு நடுவில் நின்றார். பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். தட்டில் பூவும் நாலு எலுமிச்சம்பழமும் இருந்தன.

“பொய்ச் சத்தியம் பண்ணுனா கண்ணு ரெண்டும் போயிரும். அம்மா துடியானவ. யோசிச்சுப் பண்ணுங்க,” என்றார் பூசாரி.

பெரியப்பா கையை நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றார். கை நடுங்கியது. கீழே இறங்கவில்லை.

“பாத்தியா, பாத்தியா, கை ஆடுது,” என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னார். அது எல்லாருக்கும் கேட்டது. பெரியம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

பெரியப்பா ஒருமுறை பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை இறக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால், வெளுத்த முகத்தோடு நின்றிருந்தாள். அவள் கை தொடையோரம் இருந்தது. ஒரு விரல் மட்டும் நீண்டிருந்தது.

“பெரீப்பா, வேண்டாங்க! நாந்தானுங்க. அது செய்வினையில்லீங்க, பந்துங்க!”

என் குரல் கோயில் மணியைவிடச் சத்தமாக வந்தது. அப்பா முதலில் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்தார். “கோயில்ல நின்னுட்டு என்ன ஒளர்ற? அவியளக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றியா?”

“பொய்யில்லீங்க சித்தப்பா,” என்று அக்கா முன்னால் வந்தாள். “தொணி நாந்தான் தெச்சேன். கட்டமும் நாந்தான் போட்டேன். அது கட்டமில்லீங்க, பேஸுங்க.”

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பேஸா, என்ன பேஸு? எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. அக்கா விறுவிறுவென்று பலிபீடம் தாண்டிப் போய்ப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள். நான் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். ‘அம்மா தாயே, கோவிச்சுக்காத’ என்று வேண்டிக்கொண்டேன். கையை முன்னால் தூக்கி, காதை உரசி, பின்னால் இறக்கினேன். தொடையை உரசியதும் விரல் திறந்தது.

பழம் அக்காவின் உள்ளங்கையில் பட்டென்று போய் உட்கார்ந்தது. அவள் கை அரை அங்குலம்கூட நகரவில்லை.

பூசாரிதான் முதலில் வாயைத் திறந்தார். “அடேங்கப்பா! இன்னொருக்காப் போடு சாமி,” என்றார். மிச்சம் மூன்று பழத்தையும் போட்டேன். நாலும் நேராகப் போயின. அதற்குள் தட்டில் இருந்த கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்துவிட்டது.

அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். பெரியப்பா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தார். ஒரு வருடத்துக்கு அப்புறம் தம்பியைத் தொடுகிறார். “உடுடா தம்பி. அந்தப் புள்ளைய அடிச்சீன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்,” என்றவர், கோயில் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து, “அப்பாடா… அப்பாடா…” என்று சொல்லிக்கொண்டே அழுதார். துண்டால் முகத்தைத் துடைப்பார், மறுபடி அழுவார். நடுவில் சிரிப்பும் வந்தது. அப்பாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அங்கேயே படுத்துத் தூங்கலாம் போல் இருந்தது.

கோழி செத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பெரியப்பாவே நாமக்கல் போய்க் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார். வெள்ளைக்கழிச்சல். “மருந்தை எப்படிக் கொண்டாந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டிய தடுப்பு மருந்தை, பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் ஐஸ் வாங்காமல், அந்த வெயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார் அப்பா. மருந்து வழியிலேயே செத்துப்போயிருக்கிறது. அப்பாவுக்கு அது உள்ளுக்குள் உறுத்தியிருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். செய்வினை என்றதும் அவர் அத்தனை வேகமாக நம்பியது அதனால்தான். மிச்சக் கோழிகளுக்குப் பெரியப்பா வீட்டு பிளாஸ்கில் மருந்து வந்தது. பாதிக்கு மேல் பிழைத்தன.

பந்து விஷயத்தில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மாவட்ட ஆட்டத்தில் முதல் ஆட்டம் ஜெயித்து இரண்டாவதில் தோற்றோமே, அன்று மைதானத்துக்கு வெளியே ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் ரொம்ப நேரம் நின்றார். அது எங்கள் அப்பாதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. அன்று கோயிலிலிருந்து திரும்பி நடந்து வந்தது பற்றித்தான். அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் சோளக்காட்டு வரப்பில் போக, நானும் அக்காவும் பின்னால் போனோம். பெரியப்பா அழுதது தன் பேர் தப்பியதற்காக என்றுதான் அப்போது நினைத்தேன். காதில் விழுந்த பேச்சின் முழு அர்த்தமும் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

பெரியம்மா நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: “ஏனுங்க, கை எதுக்கு ஆடுச்சு?”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

“நாந்தான் வெச்சேன்னு நெனச்சுட்டீங்களா?”

“ஆமா புள்ள,” என்றார். “கோவத்துல செஞ்சிருப்பியோன்னு நெனச்சுட்டேன்.”

பெரியம்மா நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம்.

“நாஞ் செஞ்சேன்னு நெனச்சுட்டேதான், செய்யலைன்னு கற்பூரத்த அணைக்கப் போனீங்களா? கண்ணு போயிரும்னு பூசாரி சொன்னாரே, கேக்கலியா?”

“கேட்டுது. போனாப் போவுதுன்னுதான்…” என்று இழுத்தார் பெரியப்பா. “நீ கூட இருக்கறீல்ல, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவீன்னு நெனச்சேன்.”

பெரியம்மா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். மடையன் என்றார், புத்தி கெட்ட மனுசன் என்றார், என்னையப் போய் நெனச்சீங்களே என்று முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதார். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, எங்கேயாவது சூடு பட்டிருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்தார். படவில்லை. ஆனாலும் கையை விடவில்லை. ஊர் பார்க்குமே என்ற கூச்சம்கூட இல்லாமல், வீடு வரைக்கும் பிடித்தபடியே அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.